வார்னிங் போட் எத்தனை மணிக்கு?

ஒரு புரோகிராம் உளறுவதை இன்னொரு புரோகிராமுக்குப் புரியும்படி சுத்தம் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. மீன் மார்க்கெட்டில் செதில் சுரண்டுகிறவர்கள் செய்யும் அதே வேலைதான், ஆனால் அவர்கள் சுரண்டிப் போட்டது என்ன என்று கண்ணால் பார்க்கலாம்.

இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கிற சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கறுப்புத் திரையில் கட்டளை தட்டினால் பதில் சொல்லும் புரோகிராம்கள் உண்டு. அவை கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு ஒழுங்காகப் போகாது. "வார்னிங், இந்த வசதி அடுத்த தடவை இருக்காது", "வார்னிங், அந்த ஃபைல் பழசு" என்று நடுநடுவே புலம்பும். மனுஷன் என்றால் அதைத் தாண்டிப் படித்துவிடுவான். மெஷினுக்கு அந்த விவஸ்தை ஏது? புலம்பலையும் பதில் என்று நம்பிவிடும். அந்தப் புலம்பலை வாய் மூட வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஆபீஸ் போர்ட் பிளேரில், அபர்தீன் பஜாரில் ஒரு ஜவுளிக்கடை மாடியில். முதலாளி ஹமீது பாய், பூர்வீகம் கீழக்கரை. கூட வேலை பார்ப்பவர் பிஸ்வாஸ், மாயாபந்தர் பெங்காலி. ஹிந்தியில் நினைத்துத் தமிழில் பேசுவார், என்னை அக்கா என்பதற்கு "தீதி" என்பார். தனியார் படகுக்காரர்களுக்கு சீட்டு, நேரம், வானிலை எல்லாவற்றையும் போனுக்கு அனுப்புவது எங்கள் வேலை. தினமும் காலையில் வானிலைப் புரோகிராம் சொல்வதைச் சுருக்கி ஒரே வரியாக அனுப்புவோம்: "தடை இல்லை, போகலாம்" அல்லது "போக வேண்டாம்".

அந்த ஒரு வரியை நம்பிக் கயிறு அவிழ்க்கிறவர்களில் ஒருவர் வண்டூர் முருகேசன் அண்ணன். பவளப்பாறை பார்க்க வரும் டூரிஸ்டுகளை அடியில் கண்ணாடி பதித்த கிளாஸ் பாட்டம் போட்டில் கூட்டிப் போகிறவர். பெரிய படகுத்துறையில் எச்சரிக்கைக் கொடி ஏறும், மைக்கில் சொல்வார்கள், எல்லாம் உண்டு. ஆனால் அண்ணன் கிளம்புவது கழிமுகத்து ஓரத்தில் அவரே பலகை அடித்துப் போட்ட துறையிலிருந்து. அங்கே கொடியும் கிடையாது, மைக்கும் கிடையாது. எங்கள் வரிதான். வரியில் தப்பு வந்தால் நாங்கள் மாடியில் உட்கார்ந்து திருத்திக்கொள்ளலாம். அவர் நடுக்கடலில் இருப்பார். இந்த நினைப்பு வந்த நாளிலிருந்து நான் எந்தப் புரோகிராமையும் நம்புவதில்லை.

ஜன்னல் சீட்டு

கீழே பஜாரில் எங்கள் சீட்டுக் கவுன்டருக்கு வெளியே ஒரு டிவி பெட்டி தொங்கும். எந்தப் படகு, எங்கே, எத்தனை மணிக்கு என்று அதில் ஓடும். ஒருநாள் காலையில் சீட்டுப் புரோகிராமை அதை எழுதியவர்கள் புதுசாக்கியிருக்கிறார்கள், எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல். புதுசு வந்ததும் அது முதல் வரியில் ஒரு புலம்பலைச் சேர்த்துவிட்டது. எங்கள் மெஷின் என்ன செய்யும்? வரியில் முதல் சொல் படகின் பெயர், அடுத்த சொல் ஊர், அதற்கடுத்தது நேரம் என்று பழகிய மெஷின். "வார்னிங்" என்று ஒரு படகையே கடலில் இறக்கிவிட்டது.

நான் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் கவுன்டரில் சின்னக் கூட்டம். பலருக்குச் சிரிப்பு. ஒருவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மதுரைப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர், தலையில் புதுத் தொப்பி, விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. டிவியையே முறைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏம்மா, இந்த வார்னிங் போட் எத்தனை மணிக்கு? அதுல ஜன்னல் சீட்டு இருக்கா?"

உரக்கச் சொன்ன மௌனம்

ஹமீது பாய்க்கு மானம் போய்விட்டது. "வீட்டுச் சண்டை வாசலுக்கு வரலாமா? எல்லாத்தையும் சுப் பண்ணு" என்றார். சுப் என்றால் இங்கே எல்லார் ஊர்ப் பாஷையிலும் வாயை மூடு என்று அர்த்தம். கட்டளையோடு ஒரு சொல் சேர்த்துத் தட்டினால் புரோகிராம் சுப்பாக வேலை செய்யும் என்று அதன் விளக்கத்திலேயே போட்டிருந்தது. எனக்கு அப்போதே சந்தேகம். "சும்மா இரு" என்று சொன்னவுடனே சும்மா இருக்கிற ஜாதி எது உலகத்தில்?

தட்டினோம். புலம்பல் போய்விட்டது உண்மைதான். அதற்குப் பதிலாக முதல் வரியில் புதுசாக ஒன்று வந்தது, "ரன்னிங் இன் சைலன்ட் மோட்", அதாவது மௌன நிலையில் இயங்குகிறேன் என்று. டிவியில் இந்தத் தடவை "ரன்னிங்" என்று ஒரு படகு. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். பிஸ்வாஸ் எட்டிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தீதி, இவன் நான் சுப்பா இருக்கேன், நான் சுப்பா இருக்கேன்னு மைக் போட்டுச் சொல்றான்!"

மெயின்லேண்டில் யாரும் படிப்பதில்லை

வானிலைப் புரோகிராம் இதைவிட மோசம். பொதுவாக ஒரு புரோகிராமுக்கு இரண்டு வாய் இருக்கும். ஒன்று பதில் சொல்ல, இன்னொன்று புலம்ப. நல்ல வளர்ப்பாக இருந்தால் பதில் வாயில் பதில் மட்டும் வரும். புலம்பல் வாயை நாம் ஒரு மூட்டையில் கட்டி மூலையில் வைத்துவிடலாம், வேண்டும்போது பிரித்துப் பார்க்கலாம். இந்த வானிலைப் புரோகிராமை வளர்த்தவர்கள் அப்படி வளர்க்கவில்லை. பதிலும் புலம்பலும் ஒரே வாயில் கொட்டும், சாம்பாரும் பாயசமும் ஒரே கரண்டியில் பரிமாறுகிற மாதிரி.

அதை எழுதிக் கொடுத்தது கடலுக்கு அந்தப் பக்கம், மெயின்லேண்டில் இருக்கிற கம்பெனி. அங்கே போன் போட்டேன். எடுத்த பையன் தங்கமாகப் பேசினான். அவ்வளவு தங்கமாகப் பேசினாலே எனக்கு உதறும். "இரண்டு வாயையும் பிரித்துக் கொடுங்கள் தம்பி" என்றேன். "அடுத்த வெர்ஷன்ல பாக்கலாம் மேடம்" என்றான். சரி, அதுவரைக்கும் இந்த வார்னிங்கில் எது முக்கியம், எது சும்மா என்றாவது சொல்லு என்றேன். கொஞ்ச நேரம் கீ போர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு ரகசியம் சொல்கிற குரலில் சொன்னான்: "மேடம், உண்மையைச் சொல்லணும்னா, மெயின்லேண்ட்ல அதை யாருமே படிக்கிறதில்ல."

வயிற்றைக் கலக்கும் குட்மார்னிங்

அவர்கள் படிக்காவிட்டால் என்ன, நான் படிக்கிறேன் என்று வீம்பு வந்துவிட்டது. காலையில் டீ டம்ளரோடு உட்கார்ந்து புலம்பல் முழுக்கப் படிப்பேன். சந்தேகம் வந்தால் என் சொந்தப் போனிலிருந்து முருகேசன் அண்ணனுக்கு வாட்ஸாப் போடுவேன். "காற்று கொஞ்சம் திரும்புகிற மாதிரி தெரிகிறது", "அளவு எடுத்த நேரம் பழசாக இருக்கிறது, எதற்கும் பார்த்துப் போங்கள்" என்று. பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. கடல் கண்ணாடி மாதிரி கிடக்கும். அண்ணன் இரண்டு டிரிப் அடித்துவிட்டு வந்து சிரித்த மூஞ்சியாக ஒரு படம் அனுப்புவார். அதைப் பார்த்து நிம்மதிப்படுவதற்குப் பதிலாக, இன்றைக்குத் தப்பித்தோம் என்றுதான் எனக்குத் தோன்றும்.

ஒருநாள் பஜாருக்கு வந்தவர் படியேறி ஆபீஸுக்கே வந்துவிட்டார். கையில் எனக்காக ஒரு பை நிறைய நெத்திலிக் கருவாடு. கூடவே அவர் வீட்டுக்காரம்மா பார்வதி அக்கா. அக்கா துறைப் பக்கத்திலேயே இளநீர்க் கடை போட்டிருக்கிறவர். அண்ணன் இராமநாதபுரத்து ஆள், மனசில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டார். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, பையை என் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "தங்கச்சி, கோவிச்சுக்காத. நீ குட்மார்னிங் அனுப்புனாக்கூட எனக்கு வயித்தக் கலக்குது."

பிஸ்வாஸின் விளக்குமாறு

நான் ஒரு கல்யாணத்துக்காக லீவு போட்ட சமயம் பார்த்து, ஹமீது பாய் பிஸ்வாஸைப் பிடித்து வானிலைப் புரோகிராமையும் சுத்தம் பண்ணச் சொல்லிவிட்டார். பிஸ்வாஸ் நல்ல மனுஷர். குறுக்கு வழி என்றால் மட்டும் கண் மின்னும். ஒரே வரிதான் எழுதினார்: வார்னிங் என்ற சொல் எந்த வரியில் இருக்கிறதோ, அந்த வரியையே தூக்கி எறி. பெருக்கித் தள்ளிய மாதிரி ஆகிவிட்டது. நான் திரும்பி வந்தபோது திரை பளபளவென்று இருந்தது. பதில் மட்டும் வருகிறது, புலம்பல் ஒரு சொட்டு இல்லை.

"எதையெல்லாம் எறிகிறது என்று எங்கேயாவது எடுத்து வைக்கிறீரா?" என்று கேட்டேன். "குப்பையை யார் தீதி எடுத்து வைப்பாங்க?" என்றார் பிஸ்வாஸ். நியாயமான கேள்விதான். என்ன பயம் என்று எனக்கும் கோர்வையாகச் சொல்லத் தெரியவில்லை. நாள்கணக்கில் வானம் நன்றாக இருந்தது, வரிகளும் ஒழுங்காகப் போயின. ஆனாலும் டீயை வைத்துக்கொண்டு அந்தச் சுத்தமான திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் பாய் பொறுக்க முடியாமல் சொன்னார்: "ஏம்மா வசந்தி, அழுக்கா இருந்தா சந்தேகப்படுவாங்க, பாத்திருக்கேன். சுத்தமா இருக்குன்னு சந்தேகப்படுற ஒரே ஆள் நீதான்மா."

காணாமல் போன தெற்கு அந்தமான்

அன்றைக்கும் வெயில் நன்றாகத்தான் அடித்தது. சாத்தம் பக்கமிருந்து பெர்ரி ஹாரன் கேட்டது, கீழே ஜவுளிக்கடை ஷட்டரைத் தூக்கினார்கள், எல்லாம் வழக்கம்போல. திரையில் வானிலை. வடக்கிலிருந்து தெற்காக ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வரி வரும். மாயாபந்தர் பக்கம், காற்று மிதம். ஹேவ்லாக் பக்கம், மிதம். நிகோபார், அலை கொஞ்சம் அதிகம். அவ்வளவுதான். டீயை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்திவிட்டேன். நாங்கள் உட்கார்ந்திருக்கிற தெற்கு அந்தமான் எங்கே? ஒரு தீவையே காணோம்! கடலுக்குள் போய்விட்டதா?

பிஸ்வாஸின் விளக்குமாற்றை எடுத்துவிட்டு மறுபடி தட்டினேன். புலம்பல் எல்லாம் கொட்டியது. அதற்கு நடுவில் நாங்கள் பெருக்கித் தள்ளிய வரியும் வந்து நின்றது: தெற்கு அந்தமான், சூறைக்காற்று வார்னிங், சிறு படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. கடல் சொன்ன வார்னிங்கும் புரோகிராம் புலம்பிய வார்னிங்கும் எங்கள் விளக்குமாற்றுக்கு ஒன்றுதான். கெட்ட செய்தி கண்ணில் படாவிட்டால் நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்கிற மெஷின், முருகேசன் அண்ணனுக்கு அதற்குள் அனுப்பியும் விட்டது: "தடை இல்லை, போகலாம்." பிஸ்வாஸ் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். முகம் சுண்டிப் போய்விட்டது. "தீதி, நான் குப்பைன்னுதானே நெனைச்சேன்" என்றார்.

இருவரும் ஆளுக்கொரு போனை எடுத்தோம். பிஸ்வாஸ் மற்றப் படகுக்காரர்களைக் கூப்பிட்டார், அவர்கள் எல்லாம் ஒவ்வொருவராக எடுத்துவிட்டார்கள். நான் முருகேசன் அண்ணனைக் கூப்பிட்டேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. வாட்ஸாப் போட்டேன். போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாக இரண்டு டிக் விழுந்தது, நீலமாகவில்லை. மறுபடி, மறுபடி. படகில் குழந்தைகள்கூட இருக்குமே என்று நினைத்தேன். ஏன் எடுக்க மாட்டேன் என்கிறார்? போனைக் கரையில் விட்டுவிட்டாரா, கிளம்பியே விட்டாரா? அப்போதுதான் சட்டென்று உறைத்தது. பார்வதி அக்காவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தவர், நான் வாயைத் திறப்பதற்குள் சொன்னார்: "அவரு எடுக்க மாட்டாரு வசந்தி. நீ ரொம்பப் பயமுறுத்துறேன்னு உன்ன மட்டும் மியூட்ல போட்டு வச்சிருக்காரு."

இறங்க மாட்டேன்

பேச நேரமில்லை. "அக்கா, காற்று வருது, படகை நிறுத்துங்க" என்று மட்டும் கத்தினேன். அந்தப் பக்கம் போனைக் கீழே வைத்த சத்தம்கூடக் கேட்கவில்லை, இளநீர்க் குலைகள் உருண்டு விழும் சத்தம்தான் கேட்டது. அதற்குப் பிறகு நடந்ததை அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். டூரிஸ்டுகள் லைஃப் ஜாக்கெட் மாட்டி உட்கார்ந்தாயிற்று. இன்ஜின் ஓடுகிறது. அண்ணன் கயிற்றில் கை வைத்துவிட்டார். அக்கா கத்தியது இன்ஜின் சத்தத்தில் எடுபடவில்லை. அக்கா என்ன செய்தார் தெரியுமா? பலகையில் ஓடிப்போய்ப் படகுக்குள் குதித்து நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "போறதுன்னா என்னையும் கூட்டிட்டுப் போ."

அண்ணன் போனை எடுத்துக் காட்டியிருக்கிறார், "தடை இல்லைன்னு மெசேஜ் வந்திருக்கு பாரு." அக்கா பார்க்கவே இல்லை. டூரிஸ்டுகள் முணுமுணுக்கிறார்கள். ஒருவர் ஹிந்தியில் சத்தமே போட்டாராம். கல்யாணமான நாளிலிருந்து படகில் கால் வைக்காத பொம்பளை, தண்ணீர் என்றாலே பயம், பிடிமானத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அண்ணனுக்குக் கோபம் தலைக்கேறி இன்ஜினை அணைத்தார். எல்லாரையும் இறக்கினார். ஆபீஸுக்குப் போன் போட்டு ஹமீது பாயிடம் என்னைத் திட்டு திட்டு என்று திட்டினார். நான் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். கேட்கக் கேட்க எனக்கு இனித்தது. திட்டுகிறவர் கரையில் இருக்கிறார் இல்லையா.

காற்று மதியத்துக்கு முன்னாலேயே வந்தது. பஜாரில் ஜவுளிக்கடை பேனரைக் கிழித்துக்கொண்டு போனது. வண்டூரில் அண்ணன் படகைக் கட்டிய இடத்திலேயே தூக்கித் தூக்கி அடித்ததாம், இளநீர்க் கடைக் கூரை காணாமல் போய்விட்டது. சாயங்காலம் அவருடைய போனிலிருந்து அழைப்பு. எடுத்தேன். அண்ணன்தான் பேசினார்: "தங்கச்சி, உன்ன மியூட்லேர்ந்து எடுத்துட்டேன். ஆனா ஒண்ணு, பயமா இருந்தா மட்டும் அனுப்புத்தா."

நல்ல செய்தி எனக்கு, கெட்ட செய்தி அவளுக்கு

அடுத்த நாளே விளக்குமாற்றைத் தூக்கிப் போட்டோம். பிஸ்வாஸே முன்னின்று செய்தார். புரோகிராமின் ஒரே வாயில் கொட்டுவதைப் பிடித்து நாங்களே இரண்டாகப் பிரித்தோம். எது கடல் பேச்சு, எது புரோகிராமின் சொந்தப் புலம்பல் என்று ஒவ்வொரு வரியாகப் பார்த்து மெஷினே பிரிக்கிறது இப்போது. புலம்பலையும் எறிவதில்லை, தனியாக மூட்டை கட்டி வைக்கிறோம். ஏதாவது ஒரு ஊர் வரியைக் காணோம் என்றால் "போகலாம்" போகாது. பிஸ்வாஸ் காலையில் எனக்கு முன்னால் வந்து, டீயை வைத்துக்கொண்டு, திரையில் தெற்கு அந்தமான் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்க்கிறார். சந்தேகம் தொற்றிக்கொள்ளும் போலிருக்கிறது, எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

ஒன்றுதான் பாக்கி இருந்தது. கடல் சொல்லும் வார்னிங்கை யாருக்கு அனுப்புவது? முருகேசன் அண்ணனைக் கேட்டேன். திரும்பவும் மியூட்டில் போட்டால் என்ன செய்வது என்ற பயத்தை மறைக்காமல் கேட்டேன். அண்ணன் யோசிக்கவே இல்லை, பட்டென்று சொன்னார்: "போகலாம்னா எனக்கு அனுப்பு தங்கச்சி. போகக் கூடாதுன்னா பார்வதி நம்பருக்கு அனுப்பு. அவ வந்து படகுல உக்காந்துட்டா எந்த பட்டன அழுத்தி மியூட் பண்றது?"

இப்போது எங்கள் திரையில் கெட்ட செய்தி ஒன்றுகூடத் தங்குவதில்லை, எல்லாம் ஒழுங்காக வண்டூருக்குப் போய் பார்வதி அக்கா வாயால் வெளியே வருகிறது, அந்த வாய்க்கு சுப் போடும் கட்டளையை மெயின்லேண்டிலும் யாரும் இன்னும் எழுதவில்லை என்பதில்தான் என் தூக்கம் இருக்கிறது.